பதினாறாம் நாளுக்குப் பிறகு!

பந்தலைப் பிரித்தாகிவிட்டது. வாடகை நாற்காலிகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். பெரிய அண்டாக்களைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருக்கிறார்கள்.

நேற்று வரை வாசல் நிறைய ஆட்கள். இன்று யாரும் இல்லை.

மாமன், மச்சான் எல்லாம் ஊருக்குப் பஸ் ஏறிவிட்டார்கள். பங்காளிகள் பனியன் கம்பெனிக்கு வேலைக்குப் போய்விட்டார்கள். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போய்விட்டார்கள்.

வீட்டில் ஒருத்தி மட்டும் இருக்கிறாள். சுவரில் புருஷனின் படம். படத்துக்குப் போட்ட மாலை இன்னும் வாடவில்லை.

அடுப்பில் டீ கொதித்தது. பழக்க தோஷம்! இரண்டு டம்ளரில் ஊற்றிவிட்டாள்.

இரண்டாவது டம்ளரைப் பார்த்தாள். அவர் இனி வரமாட்டார் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

இதுதான் பதினேழாம் நாள்!

திருப்பூரிலும், அவிநாசியிலும், பல்லடத்திலும் இப்படி எத்தனையோ வீடுகள் இருக்கின்றன. சாவு வீட்டுக்கு நாம் எல்லாரும் போகிறோம். மாலை போடுகிறோம். கண்ணீர் விடுகிறோம். அதோடு கடமை முடிந்தது என்று நினைக்கிறோம்.

ஆனால், துக்கம் பதினாறாம் நாள் முடிவதில்லை. பலருக்கு அன்றைக்குத்தான் தொடங்குகிறது.

அப்படியானால், நாம் என்ன செய்ய வேண்டும்?

பெரியவர்கள் செய்த ஏற்பாடு

துக்கப்பட்டவரைத் தனியே விடக்கூடாது என்பது நம் பெரியவர்களுக்குத் தெரிந்திருந்தது.

சாவு விழுந்த வீட்டில் அடுப்பு மூட்டமாட்டார்கள். சொந்தக்காரர்களும் அக்கம்பக்கத்தாரும் சோறு கொண்டு வருவார்கள். "ஒரு வாய் சாப்பிடு கண்ணு" என்று கெஞ்சுவார்கள்.

பெண்கள் தோளோடு தோள் சேர்ந்து உட்கார்ந்து ஒப்பாரி வைப்பார்கள். அதில் செத்தவருக்காக மட்டுமா அழுகிறார்கள்? என்றைக்கோ போன தன் தாயை நினைத்து ஒருத்தி அழுவாள். பறிகொடுத்த பிள்ளையை நினைத்து இன்னொருத்தி அழுவாள். "எனக்கும் இப்படி நடந்தது. நீ தனி ஆள் இல்லை" என்பதே அந்த அழுகையின் பொருள்.

மூன்றாம் நாள் பால், பதினாறாம் நாள் காரியம் என்று முறை வைத்தார்கள். சிலர் பதினோராம் நாளில் முடிப்பார்கள். முஸ்லிம் வீடுகளில், கணவனை இழந்த பெண்ணுக்கு 4 மாதம் 10 நாள் 'இத்தா' உண்டு. கிறிஸ்தவர்கள் நினைவு நாளில் ஜெபம் வைப்பார்கள்.

முறைகள் வேறு வேறு. நோக்கம் ஒன்றுதான். கொஞ்ச நாளைக்காவது ஊரே கூட இருக்க வேண்டும்!

திருப்பூரில் என்ன கஷ்டம்?

கிராமத்தில் பதினாறு நாள் முடிந்தாலும் ஊர் கலைந்துவிடாது. திண்ணையில் தாத்தா இருப்பார். எதிர் வீட்டில் அத்தை இருப்பாள். கிணற்றடியில் நாலு பேர் விசாரிப்பார்கள்.

திருப்பூர் அப்படி இல்லை. இது பிழைக்க வந்தவர்களின் ஊர். மதுரை, தேனி, திருநெல்வேலி, தஞ்சாவூர்ப் பக்கங்களிலிருந்து குடும்பம் குடும்பமாக வந்திருக்கிறார்கள். ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட் மாநிலங்களிலிருந்து வாலிபர்களும் பெண்களும் ரெயில் ஏறி வந்திருக்கிறார்கள்.

இங்கே லைன் வீட்டில் ஒருவர் இறந்தால், பலர் உடலைச் சொந்த ஊருக்குக் கொண்டு போகிறார்கள். அழுகை, கொட்டு, காரியம் எல்லாம் அங்கே நடக்கும். எல்லாம் முடிந்து குடும்பம் திருப்பூருக்குத் திரும்பும்.

பக்கத்து வீட்டார் அந்தச் சாவைக் கண்ணால் பார்க்கவில்லை. அதனால், "வந்துட்டீங்களா?" என்று கேட்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அடுத்த நாள் காலையில் வேலைக்குப் போக வேண்டும்.

பீஸ் ரேட்டில் தைக்கிற டெய்லருக்கு, வேலைக்குப் போகாத நாளுக்குக் கூலி கிடையாது. வாடகை நிற்காது. மளிகைக் கடைப் பாக்கி நிற்காது. ஒன்றரை ஷிப்ட் பார்த்தால் 12 மணி நேரம் போய்விடுகிறது. அழுவதற்குக்கூட நேரம் இல்லை!

சனிக்கிழமை சம்பளம் வாங்கும்போதுதான் துக்கம் பொங்கும். "அவர் இருந்தால் இரண்டு பேர் சம்பளம் வந்திருக்குமே!"

தீபாவளி போனஸ் கொடுத்ததும் ஊரே காலியாகும். புதுத் துணி மூட்டைகளோடு பஸ் நிலையத்தில் ஜனங்கள் நெருக்கியடிப்பார்கள். அந்த வருஷம் பண்டிகை இல்லாத வீடு மட்டும் கதவைச் சாத்திக்கொண்டிருக்கும்.

மனம் உடைந்தால் உடம்பும் உடையும்

"துக்கத்தால் யாராவது சாவார்களா?" என்று சிலர் கேட்கலாம்.

1969-ம் ஆண்டில் பிரிட்டனில் டாக்டர் பார்க்ஸ் என்பவரும் அவருடன் இரண்டு பேரும் ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டார்கள். மனைவியை இழந்த 4,486 ஆண்களைப் பற்றிய ஆராய்ச்சி அது. எல்லாரும் 55 வயதும் அதற்கு மேலும் ஆனவர்கள்.

மனைவி இறந்த முதல் 6 மாதங்களில் அவர்களுடைய சாவு 40 சதவீதம் கூடுதலாக இருந்தது. அதாவது, அதே வயதில் மனைவியோடு வாழ்கிறவர்களில் 100 பேர் சாகிற கணக்குக்கு, இவர்களில் 140 பேர் செத்தார்கள். பெரும்பாலும் இருதய நோய்தான் காரணம்.

பயப்படுவதற்காக இதைச் சொல்லவில்லை. மனைவியை இழந்தவர்களில் பெரும்பாலோர் அந்த 6 மாதத்தைத் தாண்டிவிட்டார்கள். ஆபத்தான காலம் எது என்று தெரிந்துகொள்ள வேண்டும். அந்த 6 மாதங்களில் நாம் போய் வரும் காலம் முதல் 16 நாள் மட்டும்தான். மீதி மாதங்களில் அவரை யார் பார்க்கிறார்கள்?

துக்கப்பட்டவர் சாப்பிடமாட்டார். தூங்கமாட்டார். சர்க்கரைக்கும் ரத்தக் கொதிப்புக்கும் போட்டுக்கொண்டிருந்த மாத்திரையை மறந்துவிடுவார். ஆண்கள் சிலர் குடிக்கத் தொடங்கிவிடுவார்கள். "துக்கத்தில் இருக்கிறார், இரண்டு நாள் குடித்தால் என்ன?" என்று நண்பர்களே வாங்கிக் கொடுப்பார்கள்.

அது நட்பு அல்ல. குடி துக்கத்தைக் கரைக்காது. அடுத்த நாள் காலையில் துக்கமும் இருக்கும், தலைவலியும் இருக்கும், கையில் காசு மட்டும் இருக்காது.

சுனாமி சொல்லிக் கொடுத்த பாடம்

2004-ம் ஆண்டு டிசம்பர் 26-ந் தேதி. ஞாயிற்றுக்கிழமை. காலையில் கடல் பொங்கி வந்தது. தமிழ்நாட்டில் பல ஆயிரம் பேர் மாண்டார்கள். நாகப்பட்டினம் மாவட்டத்தில்தான் சாவு அதிகம். சென்னைக் கடற்கரைக் குப்பங்களிலும் பலர் பலியானார்கள்.

சென்னையில் 'சிநேகா' என்ற சேவை அமைப்பு இருக்கிறது. தற்கொலையைத் தடுப்பதற்காக 1986-ல் டாக்டர் லட்சுமி விஜயகுமார் தொடங்கியது. சுனாமியில் உறவினரைப் பறிகொடுத்தவர்களுக்கு உதவ இந்த அமைப்பினர் முன்வந்தார்கள்.

பட்டினப்பாக்கத்தை அடுத்த சீனிவாசபுரத்தில் வேலை தொடங்கியது. போனவர்கள் பெரிய டாக்டர்கள் அல்ல. பயிற்சி பெற்ற தொண்டர்கள்.

அவர்கள் என்ன செய்தார்கள்? வீடு தேடிப் போனார்கள். பக்கத்தில் உட்கார்ந்தார்கள். சொல்வதைக் காது கொடுத்துக் கேட்டார்கள். மறுபடியும் போனார்கள். அவ்வளவுதான்!

ஒரு வருஷம் கழித்து, இப்படிப்பட்ட உதவி கிடைக்காத வேறொரு மீனவர் பகுதியோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். தொண்டர்கள் போய் வந்த இடத்தில் மனச்சோர்வும் மன வேதனையும் குறைவாக இருந்தன. இந்த முடிவு 2008-ல் மருத்துவ இதழில் வெளிவந்தது.

இதிலிருந்து என்ன தெரிகிறது? ஆறுதல் கொடுக்கப் பெரிய படிப்பு வேண்டியதில்லை. பொறுமை வேண்டும். திரும்பத் திரும்பப் போக வேண்டும்.

வெளிநாட்டிலும் இதையே கண்டார்கள். 1959-ல் இங்கிலாந்தில் மார்கரெட் டோரி என்ற அம்மையார், கணவனை இழந்த பெண்களுக்காக 'குரூஸ்' என்ற சங்கத்தைத் தொடங்கினார். அந்தச் சங்கம் பல ஊர்களுக்குப் பரவியது. அங்கேயும் துக்கப்பட்டவர் பேச, தொண்டர்கள் கேட்கிறார்கள்.

கடல் பொங்கினால் அரசாங்கமும் வரும், தொண்டர்களும் வருவார்கள். லைன் வீட்டில் ஒருவர் நெஞ்சு வலியில் செத்தால் யார் வருவார்? பக்கத்து வீட்டுக்காரராகிய நாம்தான் வரவேண்டும்.

போய் என்ன பேசுவது?

பலர் போகாமல் இருப்பதற்கு இதுதான் காரணம். "என்ன பேசுவது என்று தெரியவில்லை" என்பார்கள்.

நீங்கள் பேச வேண்டியதே இல்லை. போனால் போதும்.

"சும்மாதானுங்க வந்தேன் அக்கா" என்று சொல்லி உட்காருங்கள். ஒரு சொம்பு ரசம் கொண்டு போங்கள். குழாயில் தண்ணீர் வருகிற நேரமா? அவருக்கும் இரண்டு குடம் பிடித்து வையுங்கள்.

அவர் பேசத் தொடங்குவார். கடைசி நாளில் நடந்ததைச் சொல்வார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனதைச் சொல்வார். நேற்றுச் சொன்னதையே இன்றும் சொல்வார். பத்தாவது தடவையாக இருந்தாலும் கேளுங்கள். சொல்லிச் சொல்லித்தான் மனம் அதை நம்பும்.

செத்தவரின் பெயரைச் சொல்லத் தயங்காதீர்கள். பெயரைச் சொன்னால் அவர் அழுதுவிடுவாரே என்று பயப்படுகிறோம். அவர் ஏற்கெனவே அழுதுகொண்டுதான் இருக்கிறார், உள்ளுக்குள்! "அண்ணன் இந்தக் குழம்பைத்தான் கேட்டு வாங்கிச் சாப்பிடுவாருங்க" என்று நீங்கள் சொன்னால், தன் புருஷனை ஊர் மறக்கவில்லை என்று அந்தப் பெண் நினைப்பாள்.

பாஷை தெரியாவிட்டால்? வடமாநிலத்து வாலிபர் ஒருவரின் அண்ணன் ஊரில் செத்துவிட்டான் என்று போன் வருகிறது. ரெயிலில் போய்ச் சேர இரண்டு மூன்று நாள் ஆகும். முகம் பார்க்க முடியாது. அறையில் தலையைக் கவிழ்த்து உட்கார்ந்திருக்கிறார். அவருக்கு ஒரு டம்ளர் டீ வாங்கிக் கொடுங்கள். பக்கத்தில் உட்காருங்கள். அதற்குப் பாஷை தேவையில்லை.

இவற்றைச் சொல்லாதீர்கள்!

நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறோம். ஆனாலும் சில சொற்கள் முள்ளாகக் குத்தும்.

"அழாதே!" என்று சொல்லாதீர்கள். அழட்டும். ஆண் பிள்ளையாக இருந்தாலும் அழட்டும்.

"எல்லாம் விதி" என்று சொல்லாதீர்கள். அதை அவர் சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள். நீங்கள் சொல்ல வேண்டாம்.

"உனக்கு என்ன வயசா ஆச்சு? இன்னொரு குழந்தை பெத்துக்கலாம்" என்று சொல்லாதீர்கள். போன குழந்தைக்கு வேறு குழந்தை ஈடாகாது.

"வயசான கட்டை, போய்ச் சேர்ந்தது நல்லதுதான்" என்று சொல்லாதீர்கள். 80 வயது அம்மா போனாலும், அம்மா அம்மாதான்.

"இந்த ஆஸ்பத்திரிக்குப் போகாமல் அந்த ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தால் பிழைத்திருப்பார்" என்று ஒருபோதும் சொல்லாதீர்கள். அந்த ஒரு வார்த்தை, ஆயுள் முழுவதும் ராத்திரித் தூக்கத்தைக் கெடுக்கும்.

பதிலாக என்ன சொல்லலாம்? "எனக்கு ஒண்ணும் சொல்லத் தெரியலைங்க. ஆனா நான் இருக்கேனுங்க." இது போதும்.

இது பைத்தியம் அல்ல

கணவனை இழந்த சில பெண்கள் ஒரு விஷயத்தை யாரிடமும் சொல்வதில்லை.

ராத்திரி ஷிப்ட் முடிகிற நேரத்தில் வாசலில் சைக்கிள் நிறுத்துகிற சத்தம் கேட்கும். குமரன் ரோட்டுக் கூட்டத்தில் அவர் நடந்து போவது போல இருக்கும். "எனக்குப் புத்தி பேதலித்துவிட்டதோ?" என்று பயப்படுவார்கள்.

பயப்பட வேண்டாம். 1971-ல் வேல்ஸ் நாட்டு டாக்டர் ரீஸ் என்பவர், துணையை இழந்த 293 பேரிடம் இதைப் பற்றி விசாரித்தார். ஏறத்தாழ பாதிப் பேர், செத்தவர் பக்கத்தில் இருப்பது போல உணர்ந்ததாகச் சொன்னார்கள். பலர் அதுவரை யாரிடமும் அதைச் சொன்னதில்லை!

பல வருஷம் ஒன்றாக வாழ்ந்த பழக்கம் ஒரே நாளில் போகுமா? உங்களிடம் யாராவது இதைச் சொன்னால் சிரிக்காதீர்கள். மந்திரவாதியிடம் கூட்டிக்கொண்டு போகாதீர்கள். "அப்படித்தாங்க இருக்கும்" என்று சொல்லுங்கள்.

பிள்ளைகளிடம் பொய் வேண்டாம்

"அப்பா ஊருக்குப் போயிருக்கார்" என்று குழந்தையிடம் சொல்கிறோம். குழந்தை தினமும் வாசலில் காத்திருக்கிறது. "என்னிடம் சொல்லாமல் போய்விட்டாரே" என்று கோபம் கொள்கிறது.

"தாத்தா தூங்குகிறார்" என்று சொல்கிறோம். அன்றிலிருந்து குழந்தை தூங்கப் பயப்படுகிறது.

உண்மையைச் சின்னச் சொற்களில் சொல்லுங்கள். "அப்பா செத்துப் போயிட்டார். அவர் உடம்பு வேலை செய்யாம நின்னுபோச்சு. அவர் திரும்ப வரமாட்டார். உன்மேலே தப்பு எதுவும் இல்லை. நான் உன்கூடவே இருப்பேன்."

கடைசி வாக்கியம்தான் முக்கியம். பிள்ளை விளையாடினால் திட்டாதீர்கள். குழந்தைகள் கொஞ்சம் அழுவார்கள், கொஞ்சம் விளையாடுவார்கள். அதுதான் அவர்கள் துக்கப்படும் வழி.

சகுனம் பார்ப்பது கொடுமை!

புருஷனை இழந்தவளுக்கு இரண்டு துக்கம். ஒன்று, சாவு தந்தது. மற்றொன்று, நாம் தருவது.

வளையலை உடைக்கிறோம். பூவைப் பறிக்கிறோம். கல்யாண வீட்டில் பின்னால் நிற்க வைக்கிறோம். வேலைக்குப் புறப்படும்போது அவள் எதிரே வந்தால் திரும்பி வீட்டுக்குள் போகிறோம். அவளும் டிபன் தூக்கோடு அதே கம்பெனிக்குத்தானே வேலைக்குப் போகிறாள்!

இந்தக் கொடுமையை எதிர்த்து வாழ்ந்து காட்டியவர் சகோதரி சுப்புலட்சுமி. 1886-ல் பிறந்தவர். சிறு வயதிலேயே கணவனை இழந்தார். மூலையில் உட்காரவில்லை. படித்தார். 1911-ல் பட்டம் பெற்றார். அடுத்த வருஷமே, தன்னைப் போன்ற இளம் விதவைகள் தங்கிப் படிக்கச் சென்னையில் வழி செய்தார். அங்கே படித்தவர்கள் ஆசிரியைகளாக வெளியே வந்தார்கள்.

100 வருஷத்துக்கு முன்பே அவர் செய்து காட்டினார். இன்றைக்கு நாம் ஒன்றாவது செய்யக்கூடாதா? அடுத்த வளைகாப்பிலோ கல்யாணத்திலோ, அந்தப் பெண்ணை முன் வரிசைக்கு அழையுங்கள். அவள் கையாலும் சந்தனம் வாங்கிக்கொள்ளுங்கள்.

தற்கொலை நடந்த வீடு

இந்த வீட்டுக்குத்தான் ஜனங்கள் அதிகம் போகாமல் இருக்கிறார்கள். போகிறவர்களும் காரணம் தேடுகிறார்கள். "கடனா? காதலா? புருஷன் பெண்சாதி சண்டையா?" என்று குடைகிறார்கள்.

வீட்டார் அதைவிட ஆயிரம் தடவை தங்களையே குடைந்துகொண்டிருக்கிறார்கள். "அன்றைக்கு ஒரு வார்த்தை கேட்டிருந்தால்?" என்று துடிக்கிறார்கள். போலீஸ் விசாரணை, ஆஸ்பத்திரி, பிரேதப் பரிசோதனை எல்லாம் வேறு.

அங்கே காரணம் கேட்காதீர்கள். அவன் எப்படிச் செத்தான் என்பதை விட்டுவிட்டு, எப்படி வாழ்ந்தான் என்பதைப் பேசுங்கள். மற்ற வீட்டைவிட இந்த வீட்டுக்கு இரண்டு தடவை அதிகமாகவே போய் வாருங்கள். அவர்களில் யாராவது "நானும் போயிடறேன்" என்று சொன்னால், அதை வெறும் பேச்சு என்று தள்ளாதீர்கள். தனியே விடாதீர்கள்.

மத்திய அரசு 2022-ம் ஆண்டு அக்டோபர் 10-ந் தேதி தொடங்கிய 'டெலி மானஸ்' என்ற மனநல உதவிக்கு 14416 என்ற எண்ணில் பேசலாம். ராத்திரி பகல் எந்நேரமும் பேசலாம். தமிழிலேயே பேசலாம். காசு கிடையாது. தமிழ்நாடு அரசின் 104 என்ற எண்ணும் இருக்கிறது.

கம்பெனியில் என்ன செய்யலாம்?

துக்கத்தோடு வருகிறவர் மிஷினில் உட்காருகிறார். கண்ணில் தண்ணீர். கவனம் வேறு எங்கோ. ஓவர்லாக் ஊசி விரலில் ஏறிவிடும். கட்டிங் கத்தியானால் ஆபத்து இன்னும் அதிகம்.

சூப்பர்வைசர்கள் நினைத்தால் உதவலாம். சில நாளைக்கு அவரைக் கட்டிங்கில் போடாமல் செக்கிங்கிலோ பேக்கிங்கிலோ போடலாம். ஒன்றரை ஷிப்டுக்குக் கட்டாயப்படுத்தாமல் இருக்கலாம். பீஸ் கெட்டுப்போனால் நாலு பேர் முன்னால் திட்டாமல், தனியே அழைத்துப் பேசலாம்.

கூட வேலை செய்கிறவர்கள் மத்தியான டிபனை அவரோடு சேர்ந்து சாப்பிடலாம். தனியே சாப்பிட உட்காரும்போதுதான் சோறு தொண்டையில் அடைக்கும்.

காகித வேலையும் ஆறுதல்தான்!

சாவுக்குப் பிறகு நிறையக் காகித வேலை இருக்கிறது. அழுகிற பெண்ணுக்கு எந்த ஆபீஸ், எந்த ஜன்னல் என்று தெரியாது. விவரம் தெரிந்த ஒருவர் கூடப் போனால் அதைவிடப் பெரிய ஆறுதல் இல்லை.

முதலில், சாவை 21 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும். அதற்குள் பதிந்தால் கட்டணம் இல்லை. இறப்புச் சான்றிதழில் பல பிரதிகள் வாங்கி வையுங்கள். பெயரில் எழுத்துப் பிழை இருக்கிறதா என்று அங்கேயே பாருங்கள். அடுத்தது வாரிசுச் சான்றிதழ்.

செத்தவருக்குக் கம்பெனியில் பி.எப். பிடித்தார்களா? பிடித்திருந்தால் மூன்று விஷயம் கேளுங்கள். ஒன்று, சேர்ந்துள்ள பணம். இரண்டு, குடும்பப் பென்ஷன். மூன்று, இன்சூரன்ஸ். வேலையில் இருக்கும்போது இறந்தவரின் குடும்பத்துக்கு இந்த இன்சூரன்சில் 7 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும். இது இருப்பதே தெரியாத குடும்பங்கள் உண்டு!

ஈ.எஸ்.ஐ. கார்டு இருந்ததா? ஈமச் செலவுக்கு 15,000 ரூபாய் வரை உண்டு. வேலையின்போது விபத்தில் இறந்திருந்தால், குடும்பத்துக்கு மாதா மாதம் உதவித் தொகையும் உண்டு.

ஆதரவற்ற விதவைகளுக்கு அரசு பென்ஷன் இருக்கிறது. தாலுகா ஆபீசில் விசாரியுங்கள்.

எப்போது டாக்டரிடம் போவது?

துக்கம் நோய் அல்ல. அது அன்பின் மறுபக்கம். அதற்குக் கெடு கிடையாது. கும்பகோணத்தில் 2004-ம் ஆண்டு ஜூலை 16-ந் தேதி பள்ளிக்கூடத் தீயில் 94 குழந்தைகள் மாண்டார்கள். வருஷங்கள் பல ஆன பிறகும், பெற்றவர்கள் ஜூலை 16-ல் கூடி, குழந்தைகளின் படத்துக்கு முன் அழுதார்கள். "இன்னுமா அழுகிறீர்கள்?" என்று அவர்களிடம் யார் கேட்க முடியும்?

ஆனால், சிலருக்குத் துக்கம் கொஞ்சமும் இளகாமல் இறுகிப் போகிறது. 6 மாதத்துக்கு மேல் ஆகியும் அன்றாட வேலை எதுவும் செய்ய முடியவில்லையா? குளிப்பது, சாப்பிடுவதுகூட இல்லையா? நாள் முழுவதும் செத்தவரைத் தவிர வேறு நினைவே இல்லையா? அப்படியானால் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போக வேண்டும். உலக சுகாதார அமைப்பும் இதைச் சிகிச்சை வேண்டிய நிலை என்று ஏற்றுக்கொண்டிருக்கிறது.

சாகவேண்டும் என்று பேசினால் 6 மாதம் காத்திருக்க வேண்டாம். அன்றைக்கே கூட்டிக்கொண்டு போங்கள்.

குமரன் வீட்டில் இருந்தவள்

திருப்பூர் என்றால் குமரன் நினைவு வரும். 1932-ம் ஆண்டு ஜனவரி 10-ந் தேதி கொடியோடு ஊர்வலம் போனார். போலீஸ் தடியடியில் மண்டை உடைந்தது. மறுநாள் ஆஸ்பத்திரியில் உயிர் பிரிந்தது. அப்போது வயது 27.

இந்த ஊரில் அவர் பெயரில் ரோடு இருக்கிறது. நினைவிடம் இருக்கிறது. பள்ளிப் பிள்ளைகளுக்கும் அவர் பெயர் தெரியும்.

அவருக்கு ஒரு மனைவி இருந்தார். அவர் பெயர் ராமாயி. நம்மில் எத்தனை பேருக்கு அந்தப் பெயர் தெரியும்?

கூட்டம் எல்லாம் கலைந்த பிறகு, அந்த வீட்டிலும் ஒரு பதினேழாம் நாள் வந்திருக்கும்!

செத்தவருக்கு ஊர் மரியாதை செய்கிறது. இருப்பவரை மறந்துவிடுகிறது. அந்தத் தவறை நாம் செய்ய வேண்டாம்.

இன்று ஞாயிற்றுக்கிழமை. கம்பெனி லீவு. சுவரில் இருக்கும் காலண்டரை எடுங்கள். இந்த வருஷம் உங்கள் லைனில், உங்கள் செக்‌ஷனில், உங்கள் சொந்தத்தில் யார் வீட்டில் சாவு நடந்தது என்று நினைத்துப் பாருங்கள். பதினேழாம் நாள், மூன்றாம் மாதம், ஆறாம் மாதம், தீபாவளி, வருஷம் திரும்பும் நாள். இந்தத் தேதிகளில் ஒரு புள்ளி வையுங்கள்.

அந்த நாளில் அவர் வீட்டுக் கதவைத் தட்டுங்கள்.

"சும்மாதானுங்க வந்தேன்" என்று சொல்லுங்கள்.

அன்றைக்கு அவர் இரண்டு டம்ளரில் டீ ஊற்றுவார். இரண்டாவது டம்ளரை எடுத்துக் குடிக்க ஓர் ஆள் இருக்கும்!